ஒளிவட்டம் இல்லாத பத்தர்

2012ஆம் ஆண்டு மே மாதம் நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு நாள் நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். போனவர்களுக்குத் தெரியும், அது கட்டடமே அல்ல, ஓர் ஊர். எகிப்து முடியும்போதே எனக்கு முழங்கால் போய்விட்டது. எங்காவது உட்காரலாம் என்று பின்பக்கமாக நடந்து, ராபர்ட் லேமன் என்ற வங்கிக்காரரின் சேகரிப்பை வைத்திருக்கும் பகுதிக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு படத்தின் முன்னால் கால்வலி மறந்து நின்றுவிட்டேன்.

படத்தில் ஒருவர் கடைப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கையில் சின்னத் தராசு. பக்கத்தில் பணக்கார ஜோடி ஒன்று நிற்கிறது. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணும் பிள்ளையும். பெண் ஜரிகை வேலை செய்த உடை உடுத்தியிருக்கிறாள். அவர் மோதிரத்தை எடை போடுகிறார்.

"இவரை எனக்குத் தெரியும்மா" என்றேன் மகளிடம். "ஆனா ஏதோ குறையுது."

தலைக்குப் பின்னால் இருந்த ஒளிவட்டத்தைக் காணோம்.

இந்தக் கதையைச் சொல்ல ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும். புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அப்பா தங்கவேலை செய்யும் பத்தர். தெருத்திண்ணையை ஒட்டிய சின்னப் பட்டறை. உமியோடு, ஊதுகுழல், கம்பியச்சு, குறடு, அரக்கு, வெண்காரம் இவற்றோடுதான் வளர்ந்தேன். அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ழூர்', 'மெர்சி' இரண்டும்தான். பையன் பிரெஞ்சு படித்தால் சர்க்கார் உத்தியோகம், நடுவில் மழை வெயில் இல்லாத சம்பளம், கடைசியில் பென்ஷன் என்று கணக்குப் போட்டு என்னை அங்கே சேர்த்தார். கணக்கு தப்பவில்லை.

பள்ளியில் சின்ன வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளும் பாடும் பாட்டு ஒன்று உண்டு. தகோபேர் என்ற ராஜா கால்சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருவார். எலுவா என்கிற பெரியவர், புனிதர், அதைப் பணிவாக எடுத்துச் சொல்வார். 18ஆம் நூற்றாண்டில் கிளம்பிய கேலிப்பாட்டு அது. என்னோடு படித்தவர்கள் இதைப் படித்தால் இப்போதே முணுமுணுக்க ஆரம்பித்திருப்பார்கள். பாட்டு கேலி. அந்த இரண்டு பேர் மட்டும் நிஜம். தகோபேர் 7ஆம் நூற்றாண்டில் பிராங்க் மக்களை ஆண்ட அரசன். எலுவா, லத்தீனில் எலிஜியுஸ், லிமோழ் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏறக்குறைய 588இல் பிறந்தவர். லிமோழில் அப்போ என்ற நாணயச்சாலைக்காரரிடம் தங்கவேலை கற்றுக்கொண்டவர். பத்தராக இருந்து, நாணயச்சாலைத் தலைவராகி, ராஜாவுக்கு யோசனை சொல்பவராகி, 641இல் ஆயராகி, 660 டிசம்பர் 1 அன்று இறந்து புனிதரானவர். அவர் பெயர் பொறித்த பொற்காசுகள் இன்றும் இருக்கின்றன. ஒரு பத்தருக்கு இதைவிடப் பெரிய பதவி உயர்வு சரித்திரத்தில் உண்டா என்று தெரியவில்லை. எங்கள் இலாகாவில் யூ.டி.சி. ஆகவே எனக்குப் பதினாறு வருஷம் ஆயிற்று.

1962 டிசம்பர் தொடக்கத்தில், அவருடைய திருநாளை ஒட்டி, எங்கள் வாத்தியார் அவர் கதையைச் சொன்னார். இரண்டாம் குளோத்தேர் என்ற அரசனுக்கு (தகோபேரின் அப்பா) தங்கமும் ரத்தினமும் இழைத்த ஆசனம் ஒன்று வேண்டும். அவன் மனத்தில் இருக்கிறபடி செய்துகொடுக்கிற ஆள் அகப்படவில்லை. கருவூலக்காரர் எலுவாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஓர் ஆசனத்துக்கு வேண்டிய தங்கத்தை நிறுத்துக் கொடுக்கிறார்கள். எலுவா ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். ராஜாவுக்குப் பரம சந்தோஷம், கூலி கொடுக்கச் சொல்கிறான். அப்போது எலுவா துணியை விலக்கி இரண்டாவது ஆசனத்தைக் காட்டுகிறார். "கொடுத்ததில் மிச்சம் இருந்தது, வீணாகக் கூடாதென்று இதையும் செய்தேன்." மற்றவர்கள் அரம் தின்றது, நெருப்பு தின்றது என்று சாக்குச் சொல்லித் தங்கத்தைச் சுருட்டுவார்கள், இவர் அப்படியில்லை. இப்படித்தான் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வாத்தியாரும் அதையே சொன்னார்.

அரம் தின்றது, நெருப்பு தின்றது. தமிழில் அதற்குச் சேதாரம் என்று பெயர்.

எந்த நேரத்தில் நான் இந்தக் கதையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு நாலு நாள் முன்னால்தான் எங்கள் பட்டறை வாசலில் ஒரு ரகளை நடந்து முடிந்திருந்தது. தை மாதக் கல்யாணத்துக்காக ஓர் அம்மாள் பழைய சங்கிலியையும் இரண்டு ஜோடித் தோட்டையும் கொடுத்துப் புதுச் சங்கிலி செய்யச் சொல்லியிருந்தார். அப்பா உருக்கி, அடித்து, கம்பி இழுத்து, செய்து கொடுத்தார். எடுத்துப்போனவர் வேறு கடையில் எடை போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "முக்கால் பவுன் எங்கே பத்தரே?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். அப்பா தராசை எடுத்து, குந்துமணியைப் போட்டு, பழைய நகையில் இருந்த அழுக்கு எவ்வளவு, பொடி எவ்வளவு, குழிவுக்குள் இருந்த அரக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அம்மாள் காதில் எதுவும் ஏறவில்லை. கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர், "பிள்ளையார் கோயில்ல கற்பூரம் ஏத்தி அணைச்சு சத்தியம் பண்ணிடு, முடிஞ்சுபோச்சு" என்றார்.

அப்பா மாட்டேன் என்றார்.

"எடையில நம்பிக்கை இல்லாதவங்களுக்குக் கற்பூரத்துல என்ன நம்பிக்கை வரப்போகுது?" இவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் உமியோட்டைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெரு தன் தீர்ப்பை எழுதிக்கொண்டது. சத்தியம் பண்ண மறுத்தவன் மனசில் ஏதோ இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பன்னிரண்டு வயசுப் பையனான நானும் அப்படியேதான் நினைத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. பட்டறை மண்ணையும் சாம்பலையும் அப்பா பெருக்கிச் சேர்த்து வைப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை அதை வாங்க ஆள் வருவார்கள். கழுவி அரித்துத் தங்கத்தூள் எடுப்பார்கள். அந்தப் பணத்தில்தான் எங்களுக்குத் தீபாவளித் துணி. அப்படியானால் அந்தத் தூள் யாருடையது?

எலுவா கதையை அப்பா சாப்பிடும்போது சொன்னேன். வேண்டுமென்றே சொன்னேன். ஓர் ஆசனத்துக்குக் கொடுத்த தங்கத்தில் இரண்டு செய்தவர், அதனால்தான் அவர் புனிதர் என்று அழுத்திச் சொன்னேன். அம்மா என்னை முறைத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "தங்கம் குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"ராஜா."

"ராஜா வூட்டுத் தங்கம் கட்டியாத்தான் வரும். பொடி இருக்காது, அழுக்கு இருக்காது. எங்கிட்ட வர்றது பாட்டி கழுத்துல நாப்பது வருஷம் கெடந்தது." ஒரு வாய் சாப்பிட்டார். "அதுவும் இல்லாம, ஒரு நாற்காலிக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுக் குடுத்தவனுக்கு வேலை தெரியல. ரெட்டிப்பாக் குடுத்திருக்கான். எடை எங்கயும் போவாது. ரெண்டையும் சேத்து நிறுத்தா குடுத்த எடைதான் வரும்." கையைக் கழுவும்போது இன்னொன்றும் கேட்டார். "அப்போ மத்த பத்தனெல்லாம் திருடன்னு சொல்றாங்களா ஒங்க பள்ளிக்கூடத்துல?"

நான் பதில் சொல்லவில்லை.

ஐந்து வாரத்துக்குள், 1963 ஜனவரியில், மத்திய அரசின் தங்கக் கட்டுப்பாடு வந்தது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. சுதந்திர இந்தியாவோடு புதுச்சேரி சட்டப்படி சேர்ந்து அப்போது அரை வருஷம்கூட ஆகவில்லை. நாடெங்கும் பத்தர்கள் பட்டறையை மூடினார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். அப்பா பிழைத்தார். வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுவதும், அறுந்த அரைஞாண் ஒட்டுவதுமாகப் பிழைத்தார். (ஒருவர் பேச்சில் உள்குத்து இருந்தால் 'பொடி வைத்துப் பேசுகிறார்' என்கிறோமே, அந்தப் பொடி இதுதான்.) 1979இல் அவர் காலமானார். அன்று சாப்பாட்டு நேரத்தில் பேசியதைப் பற்றி நாங்கள் பிறகு ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

நான் குமாஸ்தா ஆனேன். 1986 வாக்கில், மாலையில் அலுவலகம் விட்டதும் பிரெஞ்சு நூலகத்துக்குப் போகிற பழக்கம் இருந்தது. அங்கே பிளாண்டர்ஸ் தேசத்து ஓவியங்களைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்று அகப்பட்டது. புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றேன். எங்கள் பட்டறை! எங்கள் பட்டறைதான் என்று தோன்றிற்று. தராசு, பக்கத்தில் படிக்கற்கள், அலமாரியில் மோதிரங்கள், பவழக்கொத்து, முத்து, ஸ்படிகம். உட்கார்ந்திருப்பவர் தலையைச் சுற்றி ஒளிவட்டம். கீழே தலைப்பு: 'புனித எலுவா கடையில், பெத்ருஸ் கிறிஸ்துஸ், 1449'. அதாவது அந்தக் கால்சட்டைப் பாட்டுக்காரர்.

பெத்ருஸ் கிறிஸ்துஸ் 1444இல் புரூஷ் நகரத்துக் குடியுரிமை வாங்கிக்கொண்ட ஓவியர். மூன்று வருஷம் முன்னால் அதே ஊரில் இறந்த பெரிய ஓவியர் யான் வான் எய்க்கின் வழியில் வந்தவர். புரூஷ் அன்றைக்கு வடக்கு ஐரோப்பாவின் கடைத்தெரு. பர்கண்டி கோமகன் பிலிப்பின் ஆட்சி. இத்தாலிய வட்டிக்கடைக்காரர்கள், ஆங்கிலேயக் கம்பளி, தங்கவேலைக்காரர்களுக்குக் குறைவே இல்லை. அவர்களுக்கும் கொல்லர்களுக்கும் குதிரைக்கு லாடம் அடிப்பவர்களுக்கும் எலுவாதான் காவல் புனிதர். பிரெஞ்சுக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அவர் ஆயராக இருந்தது நுவாயோன், தூர்னே என்ற இரண்டு ஊர்களுக்கும் சேர்த்து. பிளாண்டர்ஸ் அந்த எல்லைக்குள் வருகிறது. அங்கேயெல்லாம் நடந்து திரிந்து மதம் பரப்பினார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. ஆகவே அந்த ஜனங்களுக்கு அவர் சொந்த ஊர் ஆயர்.

அந்தப் படத்தைப் பார்க்கத் தெரிய வேண்டுமானால் பட்டறையில் வளர்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. படிப்பாளிகள் முதலில் பார்ப்பது பலகைமேல் ஓரத்தில் இருக்கும் குவிந்த கண்ணாடியை. அதில் தெருவும், வெளியே நிற்கும் இரண்டு பேரும் தெரிகிறார்கள். ஒருவர் கையில் வல்லூறு. வேலைவெட்டி இல்லாமல் பகட்டாகத் திரிகிறவர்கள் அவர்கள், உள்ளே நடக்கிற நேர்மையான எடைக்கு எதிராக ஓவியர் அவர்களை வைத்தார் என்று விளக்கம் சொல்லுவார்கள். இருக்கட்டும். எனக்கு அந்தக் கண்ணாடி வேறு ஒன்றைச் சொல்லிற்று. இந்தப் பத்தர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கடைப்பலகைக்கும் தெருவுக்கும் நடுவில் சுவர் இல்லை. அக்காலத்து ஐரோப்பாவின் பல நகரங்களில் தங்கவேலையைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரிதான் செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. மூலைமுடுக்கில் உட்கார்ந்து செய்தால் கலப்படம் என்று சந்தேகம். ஒரு நகை செய்கிறவனை ஊர் முழுக்கக் காவல் காக்கிறது! எங்கள் பட்டறையும் ஏன் திண்ணையை ஒட்டி, வாசலைப் பார்த்து இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அலமாரிச் சாமான்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடிக்க முடியாது. வெறும் பவழம், கல், முத்து என்று ஒரு பக்கம். செய்து முடித்த மோதிரங்கள், ஊசிப்பதக்கங்கள் ஒரு பக்கம். அரசர் வீட்டுக்கும் கோயிலுக்கும் வேண்டிய பாத்திரங்கள் மேலே. கல்யாணப் பெண்ணுக்கான அரைப்பட்டை பலகைமேல் கிடக்கிறது. அங்கே ஒரு தேங்காய்ச் சிரட்டையும் இருக்கிறது! நாம் கரண்டிக் காம்பு சொருகி அகப்பையாக்குகிற அதே சிரட்டை. கடல் கடந்து போனால் அதற்குப் பொன்னில் பூண் கட்டி, அதில் குடித்தால் விஷம் முறியும் என்று பிரபுக்கள் காசு கொட்டி வாங்கினார்கள். தொங்குகிற கூர்க்கற்கள் சுறாமீனின் பல், கல்லாக இறுகினவை. அவற்றைப் பாம்பின் நாக்கு என்று நம்பி, உணவில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்தார்களாம். சிரட்டையைப் பொன்விலைக்கு விற்கிற அந்த ஊர்ப் பத்தருக்கு மட்டும் சேதாரத்தில் யாரும் சண்டை போடவில்லையா என்று நினைத்துச் சிரித்தேன்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்த வேகத்தில் எலுவாவின் வரலாற்றைப் பிரெஞ்சில் தேடிப் படித்தேன். ஊவான் என்று பிரெஞ்சுக்காரர் சொல்கிற, ரூவான் நகரத்து ஆயர், அவருடைய ஆயுட்கால நண்பர், எழுதியதாக வழங்கி வருவது. அதில்தான் வாத்தியார் சொல்லாமல் விட்ட இடம் இருந்தது.

ஆசனக் கதைக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. ஒரு நாள் ராஜா, புனிதர்களின் எலும்புகள் வைத்த பேழையின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்யும்படி எலுவாவிடம் சொல்கிறான். எலுவா தயங்குகிறார். ராஜா வற்புறுத்துகிறான். எலுவாவுக்கு அழுகை வந்துவிடுகிறது. ராஜாவை மறுக்கவும் பயம், பேழைமேல் கை வைக்கவும் பயம். கடைசிவரை கையை வைக்கவில்லை. ராஜா அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிறான். ஆயிரம் சத்தியம் செய்திருந்தாலும் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன் என்கிற பொருளில் ஏதோ சொல்லி அனுப்புகிறான்.

நூலகத்தில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது.

எலுவாவைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு வந்தது அந்த இடத்திலும், இன்னோர் இடத்திலும்தான். சம்பாதித்ததையெல்லாம் அடிமைகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்வதில் செலவு செய்தார். சந்தைக்கு அடிமைகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் ஓடுவார், ஒரே தடவையில் இருபது, முப்பது, ஐம்பது பேர் என்று மீட்பார், பணம் போதாவிட்டால் இடுப்புப்பட்டையையும் மேலாடையையும்கூடக் கொடுத்துவிடுவார் என்று எழுதியிருக்கிறது. குதிரைக் கதை எனக்கு ரசிக்கவில்லை. முரட்டுக் குதிரையின் காலைத் தனியே வெட்டியெடுத்து, சாவகாசமாக லாடம் அடித்து, திரும்ப ஒட்டவைத்தாராம். இத்தாலியச் சிற்பிகளும் ஓவியர்களும் அதைத்தான் ஆசையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பிளாண்டர்ஸ்காரரான கிறிஸ்துஸ் அதைத் தொடவில்லை, தராசைத்தான் எடுத்துக்கொண்டார்.

எலுவா செய்த நகைகள் என்ன ஆயின? ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். பெரும்பகுதி பிரெஞ்சுப் புரட்சியில் போயிற்று. சேன் தெனி கோயிலில் அவர் செய்ததாகச் சொல்லும் பெரிய சிலுவையின் ஒரு துண்டு பாரிசில் இருக்கிறது. 'தகோபேரின் ஆசனம்' என்று ஒன்றும் அங்கே இருக்கிறது, அது அவர் கைவேலை என்று பழைய நம்பிக்கை. 1804இல் நெப்போலியன் அதில் உட்கார்ந்து பதக்கம் வழங்கினார். ஆனால் அது வெண்கலம்! அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு நிச்சயம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

இனி நியூயார்க்குக்கு வருகிறேன். ஒளிவட்டம் எங்கே போயிற்று?

மகள் தன் செல்போனில் பார்த்துச் சொன்னாள். நானும் பிறகு விரிவாகப் படித்தேன். அந்த ஒளிவட்டம் கிறிஸ்துஸ் போட்டதே இல்லை. பின்னால் வந்த யாரோ மேலே தீட்டியது. 1993இல் படத்தைச் சுத்தம் செய்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இதே ஓவியர் 1446இல் வரைந்த துறவி ஒருவரின் படமும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சட்டத்தின்மேல் ஈ ஒன்று உட்கார்ந்திருக்கும், விரட்டத் தோன்றும். அந்தத் துறவி தலைமேலும் இப்படியே யாரோ வட்டம் போட்டிருந்தார்கள். அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஒளிவட்டம் போனதும் பெரிய வழக்கு கிளம்பிவிட்டது. இவர் எலுவாவே அல்ல என்று சிலர். ஹ்யூகோ வான் டெர் வெல்டன் என்ற ஆராய்ச்சியாளர், இது வில்லெம் வான் ஃப்ளோய்ட்டன் என்ற புரூஷ் நகரத்துப் பத்தர் என்கிறார். 1449இல் ஸ்காட்லாந்து அரசன் இரண்டாம் ஜேம்ஸுக்கும் கெல்டர்லாந்து மேரிக்கும் கல்யாணம். மேரி, கோமகன் பிலிப்பின் உறவுக்காரப் பெண். கல்யாணப் பரிசு செய்யச் சொல்லி பிலிப் இந்த வில்லெமுக்குத்தான் வேலை கொடுத்தார், படத்தில் இருக்கும் ஜோடியும் அவர்களாக இருக்கலாம் என்பது அவர் வாதம். எதிர்க்கட்சி சொல்வது: ஒளிவட்டம் இல்லாததாலேயே புனிதர் இல்லை என்று ஆகாது. அந்தத் தலைமுறைப் பிளாண்டர்ஸ் ஓவியர்கள் சாமியைச் சாதாரண வீட்டில் சாதாரண ஆள்போல உட்காரவைத்தவர்கள். ரொபேர் கம்பேன் வரைந்ததாகச் சொல்லும் மாதா படம் ஒன்று லண்டனில் உண்டு. மாதா தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்துக்குப் பதில் கணப்புக்கு முன்னால் வைக்கிற பிரம்புத் தட்டி வட்டமாக நிற்கும். அப்படியிருக்க, பத்தர்கள் சங்கம் தங்கள் காவல் புனிதரையே தங்களில் ஒருவராக வரையச் சொல்லியிருக்கலாமே?

இரண்டு கட்சிக்கும் வாதம் பலமாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் எனக்கு வில்லெம் கட்சிதான் பிடித்திருக்கிறது. பழைய படத்தில் அந்த ஜோடிக்குத் தராசைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வட்டம் போட்ட ஆள் எடை போட்டால் யார் சந்தேகப்படுவார்கள்? வட்டத்தை எடுத்த பிறகு, அவர் வெறும் பத்தர். மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். தெருவில் இரண்டு பேர் வேறு நிற்கிறார்கள். அவருக்கு இருப்பது அந்தத் தராசு ஒன்றுதான்.

ஒரு தடவை அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் முத்திரைத்தாள் கணக்கு என் பொறுப்பு. ஒரு நாள் நாற்பது ரூபாய் குறைந்தது. மேலதிகாரி ஒன்றும் திட்டவில்லை. "எண்ணிப் பாருங்க சார்" என்றார், சட்டைப்பையை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். மறுநாள் பதிவேட்டின் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த தாள்கள் அகப்பட்டன. அவர் மறந்தே போயிருப்பார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை, குழந்தைகள்மேல் சத்தியமாக நான் எடுக்கவில்லை என்று மனைவியிடம் நாலு தடவை சொன்னேன். அவள் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். அப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

பட்டறை மண் யாருடையது என்ற கேள்விக்கும் பிறகு பதில் தெரிந்துகொண்டேன். தொழிலில் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். சேதாரம் என்று கழிப்பது அந்தத் தூளுக்கும் சேர்த்துத்தான், அது வழக்கம், கூலியைக் குறைத்து வாங்குவதே அதை நம்பித்தான் என்றார். "அப்போ முக்கால் பவுன்?" என்று கேட்டேன். பழைய நகையைப் பார்க்காமல் அதை எப்படிச் சொல்வது என்று அவர் சிரித்தார். அரக்கு வைத்த தோடானால் போகும் என்றார், போகாமலும் இருக்கலாம் என்றார்.

படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ, காவலுக்கு நின்ற பெண் இரண்டு தடவை என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். பலகையின் கீழே ஓவியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படமே பேசுகிற மாதிரி: 'ஆசான் பெத்ருஸ் கிறிஸ்துஸ் என்னைச் செய்தார், 1449.' வரைந்தார் என்று இல்லை, செய்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

அருங்காட்சியகக் கடையில் அந்தப் படத்தின் அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். ஊருக்கு வந்ததும் அப்பாவின் தராசுப் பெட்டியை எடுத்தேன். மரப்பெட்டி, உள்ளே இரண்டு தட்டு, ஒரு தட்டின் பட்டுநூல் அறுந்திருக்கிறது, மூலையில் இருபது முப்பது குந்துமணி. மூடியின் உட்பக்கத்தில் அட்டையை வைத்துப் பார்த்தேன். அகலம் கொஞ்சம் அதிகம். எந்தப் பக்கத்தை வெட்டுவது என்று யோசித்துவிட்டு, ஜோடி நிற்கும் பக்கத்தில் விரற்கடை அளவு வெட்டினேன். இப்போது சரியாக மூடுகிறது.